செல்வியின் ஒருசந்தி ஆட்டம்

ஆரோக்கியசெல்விக்குச் சுலபமான எதுவும் பிடிக்காது. கஷ்டம் தானாகவே வந்து கதவைத் தட்டுகிற வீட்டில் பிறந்தவள்தான். அது போதாதென்று, வந்த கஷ்டத்துக்கு மேலே தன் கையால் இரண்டு முடிச்சு போட்டுவிட்டு அவிழ்க்க உட்காருகிற ரகம். மண்டகப்பட்டில் சின்னப் பெண்ணாக இருந்தபோது மற்ற பெண்கள் தலைக்குடத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு குழாயடியிலிருந்து வருவார்கள். இவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வருவாள். மூன்று பிளாஸ்டிக் குடம் வெடித்தது. அம்மா முதுகில் நாலு வைத்தாள். மறுநாள் இவள் ஒரு கண்ணையும் சேர்த்து மூடிக்கொண்டு வந்தாள்.

பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையைக் கடைசிக் கேள்வியில் ஆரம்பித்து முதல் கேள்வியில் முடித்தாள். அப்படி எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நாற்பத்தொன்று வந்தது.

"நேரா எழுதியிருந்தா எழுபது வந்திருக்குமே, ஏம்மா இப்படிப் பண்ண?" என்று வாத்தியார் தலையில் அடித்துக்கொண்டார்.

"எழுபது வாங்க நிறைய பேரு இருக்காங்க சார்" என்றாள் செல்வி.

இப்போது அவளுக்கு நாற்பத்துமூன்று வயது. கோலியனூர் கூட்டுரோட்டுக்குப் பக்கத்தில் வீடு. புருஷன் சவுரிராயன் குட்டியானை ஓட்டுகிறான். வெங்காய மூட்டை, சிமெண்டு, கல்யாண வீட்டுச் சேர், எது கிடைத்தாலும் ஏற்றுவான். ஒரே மகள் புதுச்சேரியில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கிறாள். செல்வி திண்டிவனத்துக்கு அந்தாண்டை ஒரு ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் உட்கார்ந்து மேல்தோல் தைக்கிறாள். காலை ஆறே காலுக்குக் கூட்டுரோட்டில் கம்பெனி பஸ் ஏறினால் விழுப்புரம், விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு என்று ஆள் பொறுக்கிக்கொண்டு போய்ச் சேர ஒன்றே கால் மணி நேரம். அங்கே எல்லாவற்றுக்கும் சட்டம். போன் பெட்டியில் வைக்க வேண்டும். பாத்ரூம் போக டோக்கன் வாங்க வேண்டும். சூப்பர்வைசர் முதுகுக்குப் பின்னாலேயே நின்று எத்தனை ஜோடி ஆச்சு என்று எண்ணுவார். ஆனாலும் செல்வி அந்தச் சட்டத்துக்கு மேல் தன் சட்டம் ஒன்று வைத்திருந்தாள். செவ்வாய்க்கிழமைகளில் நூல் கோக்கும்போது ஊசியைப் பார்க்க மாட்டாள். சூப்பர்வைசருக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் அதற்கும் ஒரு டோக்கன் போட்டிருப்பார்.

சவுரிராயன் இதற்கு நேர் எதிர். சட்டம் என்று ஒன்று இருந்தால் அதில் சந்து எங்கே என்றுதான் முதலில் பார்ப்பான். வேளாங்கண்ணிக்கு இருவருமாக நடைப்பயணம் போனார்கள். செல்வி நடந்தாள். அவன் சாமான்களைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, சாமான் வண்டியில் ஏறி, கடலூர் தாண்டுவதற்குள் குறட்டை விட்டான். மூன்று வருஷத்துக்கு முன்னால், ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலத்தில் குடிக்க மாட்டேன் என்று சபையில் சொன்னான். நாலாம் நாள் மதகடிப்பட்டில் லோடு இறக்கப் போனவன், அது புதுச்சேரி எல்லை, இந்த ஊர்ப் பொருத்தனை அங்கே செல்லாது என்று முடிவு பண்ணிவிட்டான். அடுத்த வருஷம் கறி சாப்பிட மாட்டேன் என்றான். இரண்டாம் வாரம் பங்காளி வீட்டுக் காதுகுத்து வந்தது. அப்புறம் என்ன நடந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அப்படிப்பட்டவன், தவக்காலம் தொடங்கிய போன சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பலோடு அன்பியக் கூட்டத்தில் எழுந்து நின்றான். அன்பியம் என்பது தெருவில் இருக்கிற பத்துப் பதினைந்து கிறிஸ்தவக் குடும்பங்கள் புதன்தோறும் ஒரு வீட்டில் கூடி ஜெபம் சொல்லி, சுண்டல் தின்று, கொஞ்சம் ஊர்வம்பும் பேசிவிட்டுப் போகிற ஏற்பாடு. "ஈஸ்டர் வரைக்கும் தீவு கேமைத் தொட மாட்டேன்" என்றான் சவுரிராயன்.

கூட்டம் சிரித்தது. தீவு கேம் அவனுக்குச் சோறு மாதிரி. நூறு பேர் விமானத்திலிருந்து ஒரு தீவில் குதித்து, கிடைத்த துப்பாக்கியைப் பொறுக்கி, ஒருத்தரை ஒருத்தர் சுட்டுக்கொண்டு, கடைசியில் நிற்கிற ஆள் ஜெயித்ததாகக் கணக்கு. மூன்று வருஷமாக லோடு ஏற்றும்போதும் இறக்கும்போதும் அதில்தான் கிடப்பான். அதில் அவன் பெயர் கிங் சவுரி. எதிர்வீட்டு அலெக்ஸ், இருபத்தாறு வயசு, பிளம்பிங் வேலை, அவன்தான் கிங்கின் படை.

ஆனால் இந்த முறை சவுரிராயன் சிரிக்கவில்லை. தன் பெரிய போனைச் செல்வியிடம் கொடுத்துவிட்டு அவளுடைய பட்டன் போனை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். பங்குச் சாமியார் காதுக்கும் விஷயம் போயிற்று. பெரிய வியாழனன்று கோயிலில் பன்னிரண்டு பேரை வரிசையாக உட்கார வைத்து, இயேசு சீடர்களுக்குச் செய்தது போலச் சாமியார் பாதம் கழுவுவார். அன்பியத்துக்கு ஒருவராகப் பன்னிரண்டு அப்போஸ்தலர். "இந்த வருஷம் உங்க அன்பியத்துக்கு சவுரிராயனைப் போடுங்க" என்று அவரே சொல்லிவிட்டார். இருபது வருஷமாகக் கோயிலின் கடைசித் தூணில் சாய்ந்து நின்றே பூசை பார்த்தவனுக்குப் பீடத்துக்கு முன்னால் நாற்காலி. அன்றைக்கே போய்ப் புது வெள்ளை வேட்டி எடுத்து வந்தான். குதிகாலில் இருந்த வெடிப்புக்குக் களிம்பு தடவ ஆரம்பித்தான்.

செல்வி அந்த கேமைத் தேடிப் போகவில்லை. மூன்றாம் நாள் கம்பெனி பஸ்ஸில் போனை நோண்டும்போது கை பட்டுத் திறந்துகொண்டது. விமானம் போய்க்கொண்டிருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் எதையோ அழுத்தினாள், குதித்துவிட்டாள். நாற்பது விநாடியில் எவனோ சுட்டுவிட்டான். நூற்றில் தொண்ணூற்றெட்டு என்று திரையில் வந்தது. கேவலமாக இருந்தது. மறுபடி குதித்தாள்.

ஒரு வாரத்தில் பிடிபட்டுவிட்டது. மிஷினில் இருபது வருஷம் கையையும் கண்ணையும் பழக்கியவளுக்கு இது என்ன பெரிய விஷயம். செத்தவன் விட்டுப்போகிற சாமான் பெட்டியைத் திறந்து பெரிய துப்பாக்கியை எடுத்துக்கொண்டு, ஜீப்பில் ஏறி ஒரு வீட்டுக்குள் ஒளிந்துகொண்டால் ஆறாவது ஏழாவது ஆளாக வந்துவிடலாம். ஒரு நாள் மூன்றாவதாக வந்தாள். விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்றிருந்தது. "த்தூ, இது ஒரு ஆட்டமா? இது கொள்ளையடிக்கிறது" என்று வாய்விட்டே சொன்னாள். பக்கத்து சீட்டுக்காரி தன்னைத்தான் சொல்கிறாளோ என்று திரும்பிப் பார்த்தாள்.

அன்றைக்குத்தான் சட்டம் போட்டாள். தவக்காலம் என்பதால் பேரும் அங்கிருந்தே கிடைத்தது. கறி மீன் தொடாமல் இருப்பதைச் சுத்தபோசனம் என்பார்கள். செத்தவன் பெட்டியைத் தொடக் கூடாது என்பது ஆட்டத்தின் சுத்தபோசனம் ஆயிற்று. ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு இருப்பது ஒருசந்தி. அடிபட்டால் கட்டுப்போட வழியெல்லாம் மருந்து கிடக்கும், ஆட்டத்துக்கு ஒரு தடவைதான் எடுக்கலாம், அது ஒருசந்தி. வண்டி ஏறக் கூடாது, வேளாங்கண்ணிக்குப் போவது போல நடைதான். நாலாவது சட்டம்தான் கடுமையானது. முதுகைக் காட்டிக்கொண்டிருப்பவனைச் சுடக் கூடாது. இதற்குக் கோயிலில் பேர் இல்லை. முதுகுக்குப் பின்னால் நிற்கிறவன் எவனும் நல்லது செய்து அவள் பார்த்ததில்லை, அவ்வளவுதான். மறந்துபோய் ஏதாவது ஒன்றை மீறினால் அந்த நிமிஷமே ஆட்டத்தை விட்டு வெளியேறி அருள்நிறைந்த மரியே ஜெபம் ஒன்று சொல்ல வேண்டும்.

இந்த நாலையும் வைத்துக்கொண்டு ஈஸ்டருக்குள் ஒரே ஒரு ஆட்டம் ஜெயிக்க வேண்டும். ஈஸ்டரன்று போன் கைமாறிவிடும். அதற்குள் ஒன்று, ஒன்றே ஒன்று.

வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது என்பது இதுதான். முதல் நாளே எண்பத்தைந்தாவதாகச் செத்தாள். காலில் செருப்பில்லாதவள் மாதிரி தீவு முழுக்க நடந்தாள், ஜீப்பில் போனவர்கள் புழுதியைக் கிளப்பிவிட்டுப் போனார்கள். கையில் எப்போதும் சின்னத் துப்பாக்கிதான். ஒருமுறை ஒருத்தன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான், அவன் திரும்பட்டும் என்று காத்திருந்ததில் மூன்றாவது ஆள் வந்து இருவரையும் சேர்த்துச் சுட்டான். செல்விக்கு அதில் அப்படி ஒரு சந்தோஷம். கம்பெனி வாசலில் இறங்கும்போது சிரித்துக்கொண்டே இறங்குவாள். மூன்றாவது வாரத்தில் பதினொன்றாவதாக வந்தாள். நாலாவது வாரம் ஆறாவதாக. ஜெயிப்பது மட்டும் கைக்கு எட்டவில்லை.

அவள் யோசிக்காதது ஒன்றே ஒன்று. கேமில் யாராவது நுழைந்தால் அவர்களுடைய சிநேகிதர்கள் போனில் பேருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரியும், அதைத் தொட்டால் அவர்கள் ஆடுவதையும் பார்க்கலாம்.

அலெக்ஸ் போனில் தினமும் காலை ஆறரைக்கும் மாலை ஆறு மணிக்கும் கிங் சவுரிக்குப் பச்சை எரிந்தது. அவன் இரண்டு வாரம் பொறுத்தான். அப்புறம் தன் அம்மாவிடம் மட்டும் சொன்னான். அவன் அம்மா யாரிடமும் சொல்லாதே என்று நாலு பேரிடம் சொன்னாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? சிலுவைப்பாதை ஜெபத்துக்குப் போன சவுரிராயனைப் பார்த்து ஒருத்தர் தோளைத் தட்டி, "என்னா கிங்கு, தீவுல சௌக்கியமா?" என்றார்.

அன்று அவன் வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தான்.

"நான் தொடக்கூட இல்ல செல்வி. உங்கிட்டதான போன் கீது, உனக்குத் தெரியும்ல? மத்த வருசம் மீறுனேன், ஒத்துக்கிறேன். இந்த வருசம் ஒரு நாளு தொடல. அதப் போயி நம்ப மாட்டேங்கிறானுங்க."

செல்வி ரசம் ஊற்றினாள். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாயும் எடுத்தாள். ஆனால் அன்று காலைதான் நாலாவதாக வந்திருந்தாள். இன்னும் இரண்டு நாள், ஒரு ஆட்டம் ஜெயித்துவிட்டுச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். "பேசறவன் பேசிட்டுப் போறான், சாப்பிடுங்க" என்றாள். இரண்டு நாள் ஒரு வாரமாயிற்று. தினமும் களிம்பு தடவிக்கொண்டிருந்தவன் களிம்பை எடுப்பதை நிறுத்திவிட்டான். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே மறுநாள் காலை பஸ்ஸில் மறுபடியும் குதித்தாள். அதுவும் உண்மைதான், மறைத்து என்ன ஆகப்போகிறது.

குருத்து ஞாயிற்றுக்கு முந்தின புதன். அன்பியக் கூட்டம் இவர்கள் வீட்டு முறை. பதினாலு பேர் பாயில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஜெபமாலை முடிந்தது, மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, அவித்துக் கொடுத்ததும் முடிந்தது. அன்பியத் தலைவர் சூசைநாதன் தொண்டையைக் கனைத்தார். ஓய்வுபெற்ற லைன்மேன். எந்தக் கம்பத்தில் எவன் திருட்டுக் கொக்கி போட்டிருக்கிறான் என்று கண்டுபிடித்தே காலம் கழித்தவர், ஓய்வு பெற்ற பிறகு அதை மனிதர்களிடம் தேடிக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கிழமை சாமியாருகிட்ட பாதம் கழுவுற லிஸ்ட் கொடுக்கணும். நம்ம அன்பியத்துல ஒரு சங்கடம். சவுரி, மனசுல வச்சுக்காத. அலெக்சு, போனைக் காட்டு."

அலெக்ஸ் தலையைக் குனிந்துகொண்டு போனை நீட்டினான். கிங் சவுரி, கடைசியாக ஆடியது இன்று மாலை ஐந்து ஐம்பது. இந்தத் தவக்காலத்தில் மட்டும் அறுபத்தேழு ஆட்டம்.

"நான் இல்லீங்க. போனே செல்விகிட்டதான் கீது" என்றான் சவுரிராயன்.

"எந்தப் போன்ல வேணா உள்ள போயி ஆடலாமாம். நீ இல்லன்னா யாரு, வானத்துலேருந்து சம்மனசு வந்து ஆடிட்டுப் போச்சா?" என்றார் சூசைநாதன். கூட்டம் சிரித்தது. "லிஸ்ட்ல என் மச்சானைப் போட்டுடலாம்னு இருக்கேன். அவன் வருசா வருசம் சுத்தமா இருக்கறவன்."

சவுரிராயன் எழுந்தான். சுவரில் இருந்த இயேசுவின் திருஇருதயப் படத்தைப் பார்த்துக் கையை நீட்டினான். "அதும் மேல சத்தியம். நான் தொடல" என்றான். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு சொல்லைக் காப்பாற்றியிருக்கிறான், அந்த ஒரு முறையை நம்புவதற்கு ஒரு ஆள் இல்லை. பழைய கணக்கு எல்லாம் சேர்ந்து அவன் வாயை அடைத்துவிட்டது.

செல்விக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. சமையல்கட்டு வாசலிலிருந்து வந்து நடுவில் நின்றாள்.

"ஆடுனது நானு."

மதலேனம்மாள், அலெக்சின் அம்மா, கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "பாத்தீங்களா, இதுதான் பொண்டாட்டிங்கறது. புருசனுக்காக எப்படி ஒரு பொய்யி."

"பொய் இல்லக்கா, நெஜமாத்தான்."

"அம்மா செல்வி," என்றார் சூசைநாதன் இரக்கத்தோடு, "பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக. எட்டாவது கட்டளை. அவனுக்காக நீ பாவத்தைக் கட்டிக்காத. நாப்பத்திமூணு வயசுப் பொம்பளை துப்பாக்கி எடுத்துச் சுட்டேன்னு சொன்னா நம்பற மாதிரியா கீது?"

சவுரிராயன்கூட நம்பவில்லை. "விடு செல்வி, போவட்டும்" என்றான். அதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. உள்ளே போய்ப் போனை எடுத்து வந்து கூட்டத்துக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"பாருங்க. எல்லாரும் கிட்ட வந்து பாருங்க."

விமானம் பறந்தது. செல்வி குதித்தாள். பதினாலு தலை அவள் தோளுக்கு மேலே முட்டிக்கொண்டன. இறங்கின இடத்தில் ஒரு சின்னத் துப்பாக்கி கிடந்தது, எடுத்துக்கொண்டாள். ஒருத்தன் ஓடி வந்தான், சுட்டாள், விழுந்தான், பெட்டி ஆனான். அதைத் தாண்டி நடந்தாள்.

"அண்ணி, பெட்டி! அதுல பெரிய கன்னு கீது, எடுங்க ஜல்தி!" அலெக்ஸ் கத்தினான்.

"எடுக்கக் கூடாது. சுத்தபோசனம்."

"இன்னாது?"

நடந்துகொண்டே நாலு சட்டத்தையும் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேருக்கு கேம் புரியவில்லை, ஆனால் சட்டம் சட்டென்று புரிந்தது. சிவப்பு ஜீப் ஒன்று சாவியோடு நின்றது. அவள் அதைக் கடந்து போனாள். "ஏன்டி, அதுல ஏறேன், காலு நோவுல?" என்றாள் மதலேனம்மாள், ஆட்டத்துக்கு உள்ளே இருக்கிற காலைப் பார்த்து உண்மையாகவே வருத்தப்பட்டு. ஒரு குண்டு பட்டது. மருந்து எடுத்தாள். இரண்டாவது குண்டு பட்டபோது பக்கத்திலேயே மருந்து கிடந்தும் எடுக்கவில்லை. "ஒருசந்தி முடிஞ்சிபோச்சு" என்று பின்னாலிருந்து ஒரு கிழவர் தாமாகவே சொன்னார்.

ஐம்பது பேர் இருந்தார்கள். முப்பது. பன்னிரண்டு. சூசைநாதன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முன்னால் வந்துவிட்டார். ஐந்து. மூன்று. எங்கோ ஒரு சுடும் சத்தம். இரண்டு.

அறுபத்தெட்டு ஆட்டத்தில் முதல்முறையாக அவள் கடைசி இரண்டு பேரில் ஒருத்தி. பாறையைச் சுற்றி மெதுவாக நடந்தாள். அந்தப் பக்கத்தில் எதிராளி குந்தி உட்கார்ந்து கைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். முதுகு இவள் பக்கம். பத்தடி தூரம். ஒரு குண்டு போதும்.

"சுடு!" என்றான் அலெக்ஸ்.

"சுடும்மா சுடு!" என்றார் சூசைநாதன். குற்றம் சாட்ட வந்தவர் முட்டி போட்டு நின்று கத்தினார். "அட சுட்டுத் தொலையேன்!" என்றாள் ஜெபமாலையை இன்னும் கையில் வைத்திருந்த மதலேனம்மாள். பதினாலு பேரும் கத்தினார்கள். சவுரிராயன் மட்டும் போனைப் பார்க்கவில்லை. அவளுடைய கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். விரல் பட்டனுக்கு மேலேயே நின்றது, இறங்கவில்லை.

எதிராளி நிதானமாகக் கட்டுப் போட்டு முடித்தான். எழுந்தான். திரும்பினான். செல்வி சுட்டாள், அவனும் சுட்டான். அவன் கையில் இருந்தது பெரிய துப்பாக்கி. இரண்டாவது இடம் என்று திரையில் எழுத்து வந்தது.

"சே!" என்று வீடே சொன்னது.

முதலில் பேசினவன் அலெக்ஸ்தான். "இது அண்ணன் இல்ல" என்றான். "நான் இத்தன நாளா நெனச்சிக்கினே இருந்தேன், இன்னாடா இது, அண்ணன் ஜீப்பத் தாண்டி நடந்து போய்க்கினு கீதேன்னு. அண்ணனுக்கு முதுகு தெரிஞ்சா வுடவே வுடாது. ஒரே டீம்ல ஆடச்சொல்ல என்னையே ரெண்டு தபா முதுகுல சுட்டிருக்கு."

"அது கை தவறி..." என்றான் சவுரிராயன்.

"இதுவரிக்கும் அண்ணன் வந்ததுல பெரிய இடம் பதினேழுதான். மூணு வருசத்துல."

இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். வீடு விழுந்து விழுந்து சிரித்தது. ஒரு மனிதன் பாவத்திலிருந்து விடுபட்ட அதே நிமிஷத்தில் மானத்திலிருந்தும் விடுபட்டான். சூசைநாதன் பாக்கெட்டிலிருந்து காகிதத்தை எடுத்து மச்சான் பேரை அடித்துவிட்டுச் சவுரிராயன் என்று எழுதினார். அடிக்கும்போது கொஞ்சம் வலித்திருக்கும், காட்டிக்கொள்ளவில்லை. "ஆனாலும் சுட்டிருக்கலாம்" என்று வாசலில் செருப்பு மாட்டும்போதும் முனகினார்.

எல்லாரும் போன பிறகு வீட்டில் மல்லாட்டைத் தோலும் இவர்கள் இரண்டு பேரும்தான். செல்வி தோலைக் கூட்டி வாரினாள். சவுரிராயன் பாயிலேயே உட்கார்ந்திருந்தான்.

"ஒரு வாரமா ஊரே என்னைப் பேசிச்சு. உனக்குத் தெரியும். சொல்லல நீ."

"சொல்லல. தப்புதான்." துடைப்பத்தைக் கீழே வைத்தாள். "ஒரு ஆட்டம் ஜெயிச்சிட்டுச் சொல்லலாம்னு இருந்தேங்க. ஆசை. என்னை இன்னா வேணா திட்டுங்க."

அவனுக்குத் திட்ட வேண்டும் போலத்தான் இருந்தது. திட்டுவதற்கு என்று வாயைத் திறந்தால் வேறு கேள்வி வந்தது.

"அதுக்கோசரம் என்னைக் காட்டிக் கொடுத்தே, சரி. அவ்ளோ ஆசை இருந்தா அவனைச் சுட்டிருக்கலாம்ல? முதுகு தெரிஞ்சிது. ஒரு குண்டு."

"சட்டம் கீதே."

"யாரு போட்ட சட்டம்? கேம் போடல. சாமியாரு போடல. நீயே போட்ட, நீயே எடுத்துட வேண்டியதுதான? யாருக்குத் தெரியப் போவுது?"

செல்வி யோசித்துப் பார்த்தாள். இதை இதுவரை யாரும் கேட்டதில்லை, அவளும் கேட்டுக்கொண்டதில்லை.

"உங்கம்மா போட்ட சட்டம் எவ்ளோ, அதுல பாதிய அவங்க இருக்கும்போதே மீறுனேன்" என்றாள். "கம்பெனி சட்டத்த தெனம் மீறுறேன். நீங்க போட்டது எதையும் நான் மதிச்சதே இல்ல, உங்களுக்கே தெரியும். சாமி போட்ட பத்துல எட்டாவதை இந்த ஒரு வாரமா மீறிக்கினுதான் இருந்தேன். அதெல்லாம் அடுத்தவங்க போட்டது. இது நாலும் நான் போட்டதுங்க. இதையும் மீறிட்டா எனக்குன்னு அப்புறம் இன்னாதான் கீது?"

சொல்லி முடித்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு பெரிதாகச் சொல்வோம் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு முறத்தைத் தேடினாள்.

முறம் சவுரிராயன் பக்கத்தில் கிடந்தது, எடுத்துக் கொடுத்தான். பிறகு "ஈஸ்டருக்கு இன்னும் பதினோரு நாள் கீது" என்றான்.

"ஆமா."

"நான் ஆடத்தான் கூடாது. பாக்கலாம்ல?"

"பாக்கறதுக்கு ஒரு சட்டம் கீது."

"இன்னா?"

"வாயத் திறக்கக் கூடாது. அங்க போ, இத எடு, சுடுன்னு ஒரு வார்த்தை வரக் கூடாது."

மறுநாள் கம்பெனி விட்டு வந்ததும் காலைக் கழுவிக்கொண்டு அவள் போனோடு உட்கார்ந்தாள். அவன் டீ போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் குதித்தாள். மூட்டை மூட்டையாகத் துப்பாக்கி கிடந்த வீட்டைத் தாண்டி நடந்தாள். சவுரிராயன் தன் தொடையைப் பிடித்துக்கொண்டான். ஒரு நீல ஜீப், அடுத்து ஒரு மோட்டார் பைக், அதையும் தாண்டினாள். அவனுக்கு நெற்றியில் வேர்வை வந்தது. ஒருத்தன் முழு முதுகையும் காட்டிக்கொண்டு மரத்தடியில் நின்றான். செல்வி நின்றாள். மரத்தடிக்காரன் திரும்பினான், சுட்டான். முப்பத்தொன்றாவது இடம்.

அவள் மெல்லத் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். சவுரிராயன் தோளில் கிடந்த துண்டின் முனையைப் பல்லுக்கு நடுவில் கடித்துக்கொண்டு, கண் இரண்டும் பிதுங்க உட்கார்ந்திருந்தான். கல்யாணமாகி இருபத்துமூன்று வருஷத்தில் அவள் சொன்ன ஒன்றை அவன் முழுசாகக் கேட்டது அன்றுதான்.